மலையைக் கொடுத்த தலைவனும் மாறிப்போன சொல்லும்



இன்று உங்களை ஒரு நடைப்பயணத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். இடம் நியூசிலாந்து. அந்நாட்டு வடதீவின் நடுவே, தவுப்போ என்னும் பெரிய ஏரிக்குத் தெற்கே, மூன்று எரிமலைகள் அருகருகே நிற்கின்றன. தொங்காரீரோ, ஙவுருஹோய், ருவாப்பேஹு என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் இரண்டாவது பெயரின் முதலெழுத்தை உச்சரிக்க ஆங்கிலேயர் படும் பாடு பெரிது. நமக்கோ அது அரிவரியிலேயே வந்துவிட்ட எழுத்து. ங என்று எழுதிப் பழகிவிட்டு, அதிலே தொடங்கும் சொல்லொன்றைத் தேடிக் களைத்த நம் பிள்ளைகளுக்கு இந்த மலையைக் காட்டலாம்.

முதுகிலே சுமையோடு இம்மலைகளிடையே சுற்றிவரும் வழியொன்று உண்டு. ஃபக்கப்பப்பா என்ற சிற்றூரில் தொடங்கி, தொங்காரீரோவின் தோள்மீது ஏறி, மலையேரிகளைக் கடந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிவது. பலரும் நடக்கும் திசையில் நடந்தால் ஙவுருஹோய் எப்போதும் வலக்கைப் பக்கமாகவே இருக்கும். நம் கோயில் வழக்கப்படி சொன்னால் அது வலம் வருதல். தூரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர். கால் வலுவுள்ளவர்கள் சனியும் ஞாயிறுமாக இரண்டு நாளில் முடித்துவிடுவர். மற்றவர்கள் வார இறுதியோடு மேலும் ஓரிரு நாளைச் சேர்த்துக்கொண்டு, வழியிலுள்ள தங்குகுடில்களில் இரவைக் கழித்து நடப்பர்.

இலக்கிய நிகழ்ச்சியில் மலையேற்றத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த வழியில் நடப்பவன் அடிக்கொரு தடவை மொழிபெயர்ப்பு என்ற சிக்கலில் கால் இடறுகிறான் என்பதே என் விடை. அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று மவோரி மக்கள் இட்டது. மற்றது பின்னால் வந்த வெள்ளையர் இட்டது. இரண்டும் ஒரே பொருளைச் சொல்வதில்லை.

முதலில் தொங்காரீரோ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தெற்குக் காற்று என்பது தொங்கா. பற்றிக்கொண்டு போகப்பட்டது என்பது ரீரோ. ஆதியில் தெ அராவா என்ற தோணியில் கடல் கடந்து வந்த ஙாத்தொரோயிரங்கி என்னும் பூசகன், நிலத்துக்கு உரிமை கோருவதற்காக இந்த மலையில் ஏறினான். தென்காற்று அவனைப் பிடித்துக்கொண்டது. குளிரிலே உயிர் போகும் நிலையில், தாயகமான ஹவாய்க்கியிலிருந்த தன் சகோதரிகளைக் கூவி நெருப்புக் கேட்டான். அவர்கள் அனுப்பிய நெருப்பு கடலடியாகவும் நிலத்தடியாகவும் ஓடிவந்தது. ஃபக்காரி என்னும் தீவில் தலைகாட்டியது. ரொத்தோருவாவில் வெந்நீராய்ப் பொங்கியது. கடைசியில் இம்மலையுச்சியில் வெடித்துக் கிளம்பி அவனைக் காத்தது. உடன்வந்த அவுருஹோய் என்ற ஏவலாள் மட்டும் நெருப்பு வந்து சேருமுன் இறந்துபோனாள். அவள் பெயரே ஙவுருஹோய்க்கு ஆயிற்று.

இது வெறுங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி ஒன்று இருக்கின்றது. அந்த நெருப்பு வந்த வழியை வரைபடத்தில் கோடாக இழுத்துப் பாருங்கள். வடகிழக்கே ஃபக்காரித் தீவு, பின்னர் ரொத்தோருவா, தவுப்போ, தென்மேற்கே தொங்காரீரோ. பசுபிக் நிலத்தட்டு வடதீவின் அடியிலே அமிழ்ந்து செல்வதால் உண்டான எரிமலை வரிசை என்று புவியியலாளர் குறிக்கும் கோடும் இதுவேதான். அந்த நெருப்பு இன்னும் அவியவில்லை. ஙவுருஹோய் 1975ஆம் ஆண்டு பெரிதாக வெடித்தது. 2012இல் தொங்காரீரோவின் வடபுறமுள்ள தெ மாரி என்ற வாய் ஓகஸ்ட் மாதமும் நவம்பர் மாதமும் வெடித்தது. ஓகஸ்டில் பறந்த கற்கள் கெத்தெத்தாஹி என்ற தங்குகுடிலின் கூரையைத் துளைத்தன. 2019 டிசம்பரில் ஃபக்காரித் தீவு வெடித்தபோது, அங்கே பார்வையிடச் சென்றிருந்தவர்களிலும் வழிகாட்டிகளிலுமாக இருபத்திரண்டு பேர் உயிரிழந்தனர்.

இனி நடப்போம். மங்காத்தேபோப்போப் பள்ளத்தாக்கில் பழைய எரிமலைக் குழம்பு இறுகிக் கரும்பாறையாய்க் கிடக்கின்றது. அதன் முடிவிலுள்ள செங்குத்தான ஏற்றத்துக்கு ஆங்கிலத்தில் பிசாசின் படிக்கட்டு என்று பெயர். ஐரோப்பியப் பயணிகள் மலைகளிலெல்லாம் பிசாசைத்தான் கண்டிருக்கிறார்கள். படியேறி வந்தால் வலப்புறம் ஙவுருஹோயின் கூம்பு முழுதாகத் தெரியும். 2,287 மீற்றர், நமது சிவனொளிபாதமலையிலும் நாற்பது மீற்றரளவே கூட. தோல்கீனின் நாவலைப் படமாக்கியவர்கள் இந்தக் கூம்பைத் தம் கதையின் அழிவுமலையாக்கிவிட்டார்கள். அதனால் 2001ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பயணிகள் பலருக்கு இந்த மலையின் மூன்றாவது பெயரே முதற் பெயராயிற்று. உச்சியில் ஏறவேண்டாம் என்று மவோரி மக்களும் பூங்கா நிருவாகமும் கேட்டுக்கொள்வதைப் பொருட்படுத்தாமல் ஏறியவர்களும் உண்டு.

வழியின் மிக உயர்ந்த இடம் செவ்வாய் எனத்தக்க செந்நிற எரிமலைவாயின் விளிம்பு. 1,850 மீற்றருக்கு மேலே, காற்று நின்று பேசவிடாது. அங்கிருந்து கீழே பார்த்தால் மூன்று சிறிய ஏரிகள். பச்சை என்றால் அப்படியொரு பச்சை. எரிமலைவாயின் வெப்பத்தில் கரைந்து வரும் கனியுப்புகள் தந்த நிறம். கரையிலே ஆவி எழும், கந்தகம் மணக்கும். ஏரியை அடையக் கால் புதையும் சரளைச் சரிவில் இறங்கவேண்டும். ஓரடி வைத்தால் மூன்றடி சறுக்கும். ஆங்கிலத்தில் இவை மரகத ஏரிகள். மவோரியிலே ஙா ரொத்தோபொவுனாமு. பொவுனாமு என்பது அந்நாட்டின் தென்தீவில் கிடைக்கும் பச்சைக்கல். ஆயுதமும் அணிகலனும் செய்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிப் போற்றிய கல். ஆங்கிலேயர் தம் நகைப்பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து உவமை சொன்னார்கள். மவோரியர் தம் மண்ணிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். பச்சையை மட்டும் இரண்டும் கண்டிருக்கின்றன.

சற்றுத் தள்ளி இருக்கும் பெரிய ஏரிக்கு ஆங்கிலப் பெயர் நீல ஏரி. அதன் மவோரிப் பெயரைத் தமிழில் சொன்னால், தெ ரங்கிஹீரோவாவின் முகம்பார்க்கும் நீர் என்றாகும். ஆங்கிலப் பெயரில் நிறம் உண்டு, ஆள் இல்லை. அந்த நீர் மவோரி மக்களுக்குப் புனிதமானது. அதன் கரையில் உண்பதும் அதிலே இறங்குவதும் வழக்கத்துக்கு மாறானவை. பெயரை மொழிபெயர்த்தபோது இந்த விலக்கும் விடுபட்டுப்போயிற்று.

நான் சொல்ல வந்த பெரிய விடயத்துக்கு இப்போது வரலாம். மவோரி ஒருவர் தம்மை அறிமுகம் செய்யும்போது முதலில் தம் மலையின் பெயரைச் சொல்வார். பிறகு தம் நீர்நிலை, பிறகு குலம். கடைசியிலேதான் ஆள். எந்த ஊர் என்று கேட்டபின்னரே பெயரைக் கேட்கும் நம்மவர்க்கு இது விளங்காத வழக்கமன்று. தொங்காரீரோவை இவ்வாறு தம் மலையெனச் சொல்பவர்கள் ஙாத்தி தூஃபாரேத்தோவா குலத்தார். அவர்களது தலைமைக் குடும்பம் தெ ஹெயுஹெயு.

அக்குடும்பத்தின் மனநுயி என்ற தலைவர், 1840இல் பிரித்தானிய முடியோடு மவோரித் தலைவர்கள் பலர் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கையில் கையொப்பமிட மறுத்தவர். அந்த உடன்படிக்கையே இரு மொழிகளில் இரு பொருள் தந்தது. ஆங்கிலப் பிரதியில் இறைமை என்றிருந்தது, மவோரிப் பிரதியில் ஆளுநரின் நிருவாகம் என்ற அளவிலே நின்றது. இதுபற்றிய வழக்கு இன்றுவரை ஓயவில்லை. 1846இல் மனநுயி நிலச்சரிவில் சிக்கி இறந்தார். அதன் நினைவாகவே மகன் ஹொரோநுக்கு என்ற பெயரைக் கொண்டார். நிலச்சரிவு என்பதே அப்பெயரின் பொருள்.

இந்த ஹொரோநுக்கு 1869இல் தெ கூத்தியின் படையோடு சேர்ந்து அரசை எதிர்த்து, இம்மலையடிவாரத்துத் தெ போரேரேயில் தோற்றவர். பின்னர் நிலநீதிமன்றம் வந்தது. குலத்துக்குப் பொதுவாயிருந்த நிலத்தைத் தனித்தனிப் பெயர்களில் துண்டாக்கி, விற்கத்தக்கதாக்கும் மன்றம் அது. மலையுச்சிகளும் துண்டாகி, ஆட்டுப்பண்ணைக்காரர் கைக்குப் போகலாம் என்ற அச்சம் எழுந்தது. 1887 செப்டம்பர் 23ஆந் திகதி ஹொரோநுக்கு அம்மூன்று மலைகளின் உச்சிகளையும் முடியிடம் ஒப்படைத்துக் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1894இல் அந்நிலத்தைக் கருவாகக் கொண்டு நியூசிலாந்தின் முதலாவது தேசியப் பூங்காவுக்குச் சட்டம் இயற்றப்பட்டது.

பள்ளிப் புத்தகங்கள் இதனை மாபெரும் அன்பளிப்பு என்று எழுதின. தாராள மனம் கொண்ட தலைவன், நாட்டு மக்கள் அனைவருக்குமாக மலையைத் தானம் செய்தான் என்ற கதை நூறாண்டு நிலைத்தது. ஆனால் மவோரி வழக்கில் இத்தகைய செயலுக்குரிய சொல் துக்கு. விடுதல், அனுப்புதல், முன்வைத்தல் என்றெல்லாம் அதற்குப் பொருள் விரியும். நிலத்தைத் துக்குவாகக் கொடுத்தவன் அதைவிட்டு நீங்கிவிடுவதில்லை. கொடுத்தவனும் பெற்றவனும் அந்நிலத்தின் பொருட்டு ஓர் உறவுக்குள் வருகிறார்கள். பெற்றவனுக்குக் கடமை உண்டு. 2013இல் வைத்தாங்கி நியாயசபை வெளியிட்ட அறிக்கை இதைத்தான் விரிவாகச் சொன்னது. ஹொரோநுக்கு முடியைத் தம்மோடு சேர்ந்து காக்கும் பங்காளியாக அழைத்தார். முடியோ மலையை வாங்கிக்கொண்டு பங்காண்மையை விட்டுவிட்டது. இருதரப்பும் கூட்டாக உரிமைகொள்ளும்படி புதிய சட்டம் வேண்டும் என்று சபை சிபாரிசு செய்தது. பத்தாண்டு கழிந்த பின்னரும் அச்சிபாரிசு சட்டமாகியிருக்கவில்லை.

நமது தொல்காப்பியர் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொல்லையும் அவர் ஒன்றாக வைக்கவில்லை. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் இரக்கும்போது ஈ. ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்கும்போது தா. உயர்ந்தவன் கேட்கும்போது கொடு. பொருள் கைமாறுவது ஒன்றே என்றாலும், கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பதைச் சொல் விட்டுக்கொடுக்காது. விக்டோரியா மகாராணியின் அதிகாரிகள் தமிழ் கற்றிருந்து இலக்கண வழுவின்றி அந்த மலையைக் கேட்டிருந்தால் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருப்பார்கள்? கொடு என்பதையே எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஹொரோநுக்குவின் காதிலோ தா என்பதே விழுந்திருக்கும்.

கெத்தெத்தாஹி வெந்நீரூற்றுகள் மட்டும் பூங்காவில் சேராமல் மவோரி மக்களின் தனிச்சொத்தாகவே இருந்துவந்தன. 1990இல் இப்பூங்கா அதன் இயற்கைச் சிறப்புக்காக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1993இல், மக்களின் நம்பிக்கையோடு பிணைந்த நிலத்தோற்றம் என்ற புதிய பிரிவில், உலகிலேயே முதலாவதாக அது மீண்டும் சேர்க்கப்பட்டது. மலைக்குப் பண்பாடு உண்டு என்று ஐக்கிய நாடுகளின் நிறுவனம் ஒத்துக்கொள்ள 1993ஆம் ஆண்டுவரை காத்திருக்கவேண்டியிருந்தது.

ஏரிகளுக்கு அப்பால் வழி கிழக்கே இறங்கும். ஒத்தூரேரேயில் புல் பூண்டு குறைந்த வனாந்தரம். நீண்டு நிமிர்ந்த கரும்பாறைகள் கூட்டம் கூட்டமாய் நிற்கும். வைஹோஹொனுவில் 1904இல் கட்டிய செந்நிறத் தகரக் குடில் ஒன்று பழமைச் சின்னமாகக் காக்கப்படுகிறது. அதன்பின் ஙவுருஹோய்க்கும் ருவாப்பேஹுவுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம். சிறிது விலகி நடந்தால் தாமா ஏரிகள் இரண்டு. அவையும் பண்டைய வெடிப்பில் உண்டான குழிகளே. காற்றில்லாத வேளையில் மலை தலைகீழாக உள்ளே தெரியும்.

முடிவில் ஓர் அருவி வருகிறது. தரநாக்கி அருவி, இருபது மீற்றர் உயரம். தரநாக்கி என்பது மேற்குக் கரையிலுள்ள மற்றொரு எரிமலையின் பெயர். முன்னொரு காலத்தில் அதுவும் இங்கேயே நின்றதாம். பிஹங்கா என்ற அழகிய மலைமங்கை மீது கொண்ட காதலால் தொங்காரீரோவோடு போரிட்டுத் தோற்று, இரவோடிரவாக மேற்கே ஓடிற்றாம். ஓடிய தடமே ஃபங்கனுயி நதியாயிற்று என்பர். 2017இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த நதியைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றது. 2025 ஜனவரியில் தரநாக்கி மலைக்கும் அதே நிலையை அளித்தது. வானம் தெளிந்த நாளில் தொங்காரீரோவின் தோளில் நின்றால், மேற்கே வெகுதொலைவில் தரநாக்கியின் வெண்முடியைக் காணலாம்.