குழந்தைக்குப் பேச்சு வரலையா? முதல் வாசல் உங்க தெருவிலேயே இருக்கு



பெற்றோருக்கான உதவிச் சேவைகளைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. திட்டங்களோட பெயரை வரிசையாப் படிச்சா அரை மணி நேரம் ஓடிடும், வீட்டுக்குப் போறப்ப ஒண்ணுகூட நினைவுல நிக்காது. அதனால ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கிறேன். அந்த வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை. இன்னும் பேச்சு வரலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டா சில சமயம் திரும்பிப் பார்க்குது, சில சமயம் பார்க்கலை. இந்தக் குடும்பத்துக்கு அவங்க ஊர்லயே என்ன உதவி இருக்கு, அதை எப்படித் தேடிப் பிடிக்கிறதுன்னு பார்ப்போம். குழந்தை சம்பந்தப்பட்ட வேறு பல உதவிகளுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

இப்படிப்பட்ட வீட்டுல முதல்ல நடக்கிறது என்ன? பாட்டி சொல்வாங்க, "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடு." பக்கத்து வீட்டுக்காரம்மா நாக்குல வசம்பு தடவச் சொல்வாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்றதில்லை. ஆனா வசம்பு சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அம்மா மட்டும் போனை எடுத்துத் தேடுவாங்க. வர்றதெல்லாம் விளம்பரம். எங்கேயோ ஒரு நகரத்துல இருக்கிற தெரபி சென்டர், மூணே மாசத்துல பேச வைக்கும்னு ஒரு பவுடர், பயமுறுத்துற நாலு வீடியோ. விடிஞ்சா பயம் மட்டும்தான் மிச்சம். அப்புறம், "எதுக்கும் இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்" அப்படின்னு முடிவெடுப்பாங்க.

அந்த ஆறு மாசத்தைப் பத்தித்தான் நான் பேச வந்திருக்கேன்.

குழந்தை பேசாததுக்குப் பல காரணம் இருக்கலாம். சில குழந்தைகள் உண்மையிலேயே கொஞ்சம் தாமதமாப் பேசி, பிறகு சரியாகிடும். ஆனா முதல்ல பார்க்க வேண்டியது காது. கேட்காத குழந்தை பேசாது. கதவு தட்டுற சத்தத்துக்குத் திரும்புதேன்னு நாம நினைச்சுக்குவோம், ஆனா பேச்சொலி அதுக்குத் தெளிவாக் கேட்காம இருக்கலாம். பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு காக்ளியர் கருவி பொருத்துற அறுவை சிகிச்சை, பல லட்ச ரூபாய் செலவு பிடிக்கிறது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல இலவசமாவே செய்றாங்க. அதுக்கு 6 வயசுக்குள்ளங்கிற வரம்பு இருக்கு. வரம்பு ஒரு பக்கம். மூளை மொழியைப் பிடிக்கிற வேகம் முதல் சில வருஷங்கள்லதான் ரொம்ப அதிகம். அதனால எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு பலன். ஆட்டிசமா இருந்தாலும், வளர்ச்சியில வேற தாமதமா இருந்தாலும் இதே கணக்குதான்.

சரி, எங்கே போறது?

வீட்டு பீரோவைத் திறங்க. கர்ப்ப காலத்துல கொடுத்த தாய் சேய் நல அட்டை இருக்கும். தடுப்பூசித் தேதி பார்க்க மட்டும்தான் நாம அதை எடுக்கிறோம். அதுக்குள்ளேயே எந்த மாசத்துல குழந்தை தலை நிக்கணும், எப்ப உட்காரணும், எப்ப வார்த்தை சொல்லணும்னு படத்தோட போட்டிருக்கும். ரெண்டு வயசு முடியறப்ப "அம்மா வா", "பால் குடு" மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லணும். ஒரு வயசுல பெயர் சொன்னாத் திரும்பணும். இது ரெண்டும் இல்லைன்னா காத்திருக்க வேண்டாம், காட்டிடுங்க. முன்னாடி பேசிக்கிட்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திட்டா வயசு எதுவானாலும் உடனே காட்டுங்க.

அந்த அட்டையை எடுத்துக்கிட்டு அங்கன்வாடிக்குப் போங்க. தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல அங்கன்வாடி மையங்கள் இருக்கு. உங்க வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துல ஒண்ணு இருக்கும். அங்கே சத்துமாவும் முட்டையும் மட்டும்தான் தர்றாங்கன்னு பலர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. "என் பிள்ளை தனியார் பிளேஸ்கூல் போகுது, எங்களுக்கெதுக்கு அங்கன்வாடி" அப்படின்னு கேக்கிறவங்களும் உண்டு. ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் எல்லாம் இருக்கிற நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கும் ஒரு தடவை அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதனை பண்றாங்க. பிறந்ததிலிருந்து 18 வயசு வரைக்கும் இதுல அடங்கும். பிறவிக் குறை, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்ப்பாங்க.

அங்கன்வாடி அக்காகிட்ட "சார் எப்ப வருவாங்க" அப்படின்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. இப்படிக் கேளுங்க: "என் குழந்தைக்கு ரெண்டு வயசு, பேச்சு வரலை. ஆர்.பி.எஸ்.கே. குழு அடுத்து எந்தத் தேதி வருது? அதுக்கு முன்னாடியே டி.இ.ஐ.சி.க்குப் போக முடியுமா?" இந்த ரெண்டு பெயரையும் சொன்னா பதில் வேற மாதிரி வரும். பார்த்த வரைக்கும் சொல்றேன், பாதி உதவி கிடைக்காமப் போறதுக்குக் காரணம் பெயர் தெரியாததுதான். குழு வர நாளாகும்னா கிராம சுகாதார செவிலியரைப் பாருங்க, இல்லை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரா போங்க. நகரத்துல இருக்கிறவங்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே பார்த்துட்டு பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவாங்க. அந்தச் சீட்டை அந்த இடத்துலேயே போட்டோ எடுத்துக்குங்க.

டி.இ.ஐ.சி.ங்கிறது குழந்தைகளோட குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிஞ்சு சிகிச்சை தர்ற மாவட்ட மையம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயோ இருக்கும். குழந்தை மருத்துவர், காதும் பேச்சும் பார்க்கிறவர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர்னு எல்லாரும் ஒரே இடத்துல இருக்கிற மாதிரி அமைச்சது. கட்டணம் கிடையாது. தனியார்ல இதே ஆட்களைத் தனித்தனியாப் பார்த்தா எவ்வளவு ஆகும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், அதை மறைக்க வேண்டியதில்லை. காலையிலேயே போயிடுங்க, குழந்தைக்குச் சாப்பாடும் பிடிச்ச பொம்மையும் எடுத்துட்டுப் போங்க.

போனோட உண்மையான உபயோகம் இங்கேதான் வருது. புது இடம், வெள்ளைக் கோட்டு, கூட்டம். குழந்தை அழும், இல்லை அம்மா தோளை விட்டு இறங்காது. டாக்டருக்குப் பத்து நிமிஷத்துல என்ன தெரியும்? அதனால போறதுக்கு முன்னாடி ஒரு வாரம், வீட்டுல குழந்தை இயல்பா இருக்கிறப்ப சின்னச் சின்ன வீடியோ எடுத்து வெச்சுக்குங்க. பின்னாடியிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடறது, சாப்பிடறது, மத்த பிள்ளைங்களோட இருக்கிறது, எதையாவது கேட்டு அடம் பிடிக்கிறது. ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் போதும். டாக்டருக்கு இது பெரிய உதவி. ஆனா அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டு "யாருக்காவது தெரியுமா" அப்படின்னு கேக்காதீங்க. அது உங்க குழந்தையோட அந்தரங்கம், ஒருமுறை போனா திரும்ப வாங்க முடியாது.

போனைப் பத்திப் பேசறதால இன்னொண்ணும் சொல்லிடறேன். ரெண்டு வயசுக்குக் கீழே குழந்தைக்குத் திரையே வேண்டாம்னு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது. வெளியூர்ல இருக்கிற அப்பாவோட, தாத்தாவோட வீடியோ காலுக்கு மட்டும் விதிவிலக்கு. சோறு ஊட்டப் போனைக் கையில கொடுக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. பேச்சு வராததுக்குப் போன் மட்டுமே காரணம்னு நானும் சொல்லலை. ஆனா போன் பேசற நேரத்துல நாம பேசறதில்லையே.

முதல் தடவை போயிட்டு வர்றது சுலபம். கஷ்டம் அதுக்கப்புறம்தான். வாரத்துக்கு ஒருமுறையோ ரெண்டு முறையோ பயிற்சிக்கு வரச் சொல்வாங்க. கூலி வேலைக்குப் போற அம்மாவுக்கு ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு. ரெண்டு பஸ் மாறணும், மூத்த பிள்ளையை யார்கிட்ட விடறது? மூணு மாசம் போயிட்டு நிறுத்திடறாங்க. இவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடி பயிற்சியாளர்கிட்ட மனசு விட்டுச் சொல்லுங்க: "என்னால வாரா வாரம் வர முடியலை. வீட்டுல செய்யற மாதிரி சொல்லிக் குடுங்க, மாசம் ரெண்டு தடவை வந்து காட்டறேன்." பெரும்பாலானவங்க ஒத்துக்குவாங்க. பயிற்சியை அவங்க அனுமதியோட போன்ல பதிவு பண்ணிட்டு வந்தா அப்பாவும் பாட்டியும் பார்த்துச் செய்யலாம். வாரத்துல ரெண்டு மணி நேரம் மையத்துல கிடைக்கிறதைவிட தினமும் குளிப்பாட்டறப்பவும் சாப்பாடு ஊட்டறப்பவும் வீட்டுல நடக்கிற பேச்சுக்குத்தான் நேரம் அதிகம். இதுல அப்பாக்கள் கட்டாயம் இருக்கணும். அம்மா மட்டும் பையைத் தூக்கிக்கிட்டு அலையற வீடுகள்லதான் பயிற்சி பாதியில நிக்குது.

கிட்டத்துலேயே வேற இடம் இருக்கான்னும் விசாரிங்க. வட்டார வள மையம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கு. அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்காங்க. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடும் உண்டு. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துல 'விழுதுகள்'ங்கிற பெயர்ல ஒருங்கிணைந்த சேவை மையங்களும் திறந்துக்கிட்டு வர்றாங்க. சென்னைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு முட்டுக்காட்டுல மத்திய அரசோட தேசிய நிறுவனம் ஒண்ணு இருக்கு, பல்வகைக் குறைபாடுள்ளவங்களுக்குன்னே 2005ல தொடங்கினது.

அடுத்து அடையாள அட்டை. மருத்துவர் குறைபாடுன்னு உறுதி சொல்லிட்டா, யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்வாங்க. இங்கே பல குடும்பம் பின்வாங்குது. "முத்திரை குத்தின மாதிரி ஆகிடுமே, நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம் காட்சி..." அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா அட்டை உங்க பீரோவுலதான் இருக்கும், கேக்கிற இடத்துல மட்டும் காட்டினாப் போதும். சின்னக் குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட காலம் வரைக்கும் செல்லுபடியாகிற சான்றிதழ் தர்றதும் உண்டு. பிறகு மறுபடி பரிசோதிப்பாங்க, குழந்தை முன்னேறியிருந்தா அதுவும் பதிவாகும்.

விண்ணப்பத்தைப் போன்லயே போடலாம், இல்லைன்னா இ-சேவை மையத்துல. அட்டை வந்ததும் டிஜிலாக்கர்ல சேர்த்து வெச்சுக்கலாம். அட்டையில கலர் பட்டை இருக்கும்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள்ளே மஞ்சள், 80ம் அதுக்கு மேலேயும் நீலம். அறிவுசார் குறைபாடுள்ளவங்க, கடும் பாதிப்புள்ளவங்க மாதிரியானவங்களுக்குத் தமிழ்நாடு அரசு தர்ற பராமரிப்பு உதவித்தொகை 2023லிருந்து மாசம் 2,000 ரூபாய். பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் போய்வர பஸ் கட்டணச் சலுகையும் இருக்கு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு மத்திய அரசோட 'நிராமயா' காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் கிடைக்குது. இதுக்கெல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலதான் கேக்கணும். மனு கொடுத்தும் நகரலைன்னா திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல கொடுங்க, இல்லைன்னா 1100க்குப் பேசுங்க. ரசீது வாங்காம எந்த இடத்திலிருந்தும் வராதீங்க.

"சீக்கிரம் அட்டை வாங்கித் தர்றேன், ஐயாயிரம் குடுங்க" அப்படின்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க. இந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது.

போன்ல பதிஞ்சு வைக்க சில நம்பர் சொல்றேன். மருத்துவ ஆலோசனைக்கு 104. உங்க மாவட்டத்துல டி.இ.ஐ.சி. எங்கே இருக்குன்னு அங்கேயே கேக்கலாம். குழந்தைக்கு ஆபத்துன்னா 1098. வீட்டுல அடி, மிரட்டல் இருந்தா பெண்களுக்கு 181. பள்ளி சம்பந்தமா 14417. கடைசியா 14416. அது மனநல ஆலோசனைக்கு, எந்த நேரமும் பேசலாம். குழந்தைக்காக இதைச் சொல்லலை, உங்களுக்காகச் சொல்றேன். "நீ கர்ப்பமா இருந்தப்ப என்ன பண்ணினே" அப்படின்னு சொந்தக்காரங்க கேக்கிற கேள்வியைத் தாங்கிக்கிட்டு, ராத்திரி தூக்கமில்லாம இருக்கிற அம்மாக்கள் நிறைய பேர். யார் தப்பாலும் ஆட்டிசம் வர்றதில்லை. மையத்துல காத்திருக்கிறப்ப பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அம்மாகிட்ட பேச்சுக் கொடுங்க. எந்தக் கிழமை கூட்டம் குறைவு, எந்த பஸ் நேரா வருது, எந்தப் பள்ளி ஹெட்மாஸ்டர் நல்லவர்னு எந்த இணையதளத்துலயும் இல்லாத தகவல் அவங்ககிட்ட இருக்கும்.

ஒவ்வொரு கூட்டத்துலயும் யாராவது ஒருத்தர் தனியா வந்து கேப்பாங்க: "என் பையனுக்கு ஆறு வயசாயிடுச்சு, அப்ப நீங்க சொன்னதெல்லாம் எங்களுக்கு இல்லையா?" இருக்கு. சீக்கிரம் வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், அவ்வளவுதான். பரிசோதனை 18 வயசு வரைக்கும் உண்டு. குறைபாட்டைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில சேர்க்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. 2016ம் வருஷச் சட்டப்படி, 40 சதவீதமும் அதுக்கு மேலேயும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயசு வரைக்கும் பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினா சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை இருக்கு. நாளைக்குக் காலையில பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, "எங்க வட்டார வள மையத்தோட சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வர்றாங்க?" அப்படின்னு கேளுங்க.