நகப்பூச்சு ஏன் உரிகிறது?

ஞாயிற்றுக்கிழமை ஆற அமர உட்கார்ந்து பூசிய நெயில் பாலிஷ், செவ்வாய்க்கிழமைக்குள் நுனியில் உரிந்துவிடுகிறது. பாட்டிலைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்.

நகம் தண்ணீரை உறிஞ்சும். பாத்திரம் தேய்க்கும்போது ஊறி லேசாக உப்பும். காய்ந்ததும் பழையபடி சுருங்கும். மேலே இறுகிக் கிடக்கும் பூச்சுக்கு அந்த அளவு நெகிழ்வு கிடையாது, பிடி விட்டுப்போகிறது. அதனால் குளித்த கையோடு பாலிஷ் போடாதீர்கள், நகம் நன்றாக உலரட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய விரல் என்றால் இன்னும் மோசம். பழைய பாலிஷ் இல்லாவிட்டாலும், ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை போய்விடும்.

ஒரே பூச்சாக அப்ப வேண்டாம். மெல்லியதாக இரண்டு முறை, நடுவே காய விட்டு. முடிக்கும்போது நகத்தின் வெட்டிய ஓரத்தில் பிரஷால் குறுக்காக ஓர் இழுப்பு. உரிதல் தொடங்குவதே அங்கேதான். பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். அதற்கு மேல் நிறமில்லாத டாப் கோட்.

பூசி முடித்ததும் புளி கரைக்கப் போய்விடாதீர்கள். தொட்டால் ஒட்டாவிட்டாலும் உள்ளே காய இன்னும் நேரம் ஆகும். பாத்திரத்துக்கு ரப்பர் கையுறை உண்டு. அன்றைக்கு மட்டும் வீட்டில் வேறு யாராவது தேய்த்தாலும் தப்பில்லை.