எடுக்கப்படாத தொலைபேசி
(மாளிகாவத்தையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)

  

ஒரு புவியியல் ஆசிரியரின் நினைவாக நிகழும் சொற்பொழிவு இது. உலகப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, "இதில் நம்ம ஊர் எங்கே?" என்று கேட்டுத்தான் அவர் பாடத்தைத் தொடங்குவார். ஜப்பானைப் பற்றிப் பேச வந்த நானும் நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மருதானை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. ஏறத்தாழ அதே வேளையில் கோட்டையிலிருந்து மாத்தறை ரயில் புறப்பட்டது. கடல் ஊருக்குள் புகுந்த செய்தி மருதானை ரயில் கட்டுப்பாட்டறைக்கு எட்டியதும், கரையோரப் பாதையில் எட்டு ரயில்களை நிறுத்தினார்கள். மாத்தறை ரயிலை எட்ட முடியவில்லை. அம்பலாங்கொடை நிலையத்தை அழைத்தார்கள். ஊழியர்கள் எல்லோரும் மேடையில் அந்த ரயிலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியை எடுக்க ஆளில்லை. எடுத்தபோது ரயில் போய்விட்டது. பெரலியவில் அலை அதை அடித்துச் சாய்க்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேல்.

அந்த நாட்களில் நம் தொடர்மாடிகளின் அடியில் நின்ற நிவாரண லொறிகள் என் கண்ணுக்குள் இருக்கின்றன. பாண், பால்மா, சாரம். எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த கபன் துணி. நாம் ஏழை நாடு, அதனால் இழந்தோம் என்று அன்று மனதைத் தேற்றிக்கொண்டோம். ஏழு ஆண்டுகளுக்குள் ஜப்பான் அந்தத் தேறுதலையும் பொய்யாக்கியது.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலநடுக்கத்தின் அளவு 9.0. மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை ஒலித்தது. அதிவேக ரயில்கள் ஒரு பயணியின் உயிரும் போகாமல் நின்றன. ஆனால் முதல் அறிவிப்பு இவாத்தே கரைக்கு 3 மீற்றர் அலை என்றது. கடற்சுவரை நம்பித் தங்கியவர்கள் இருந்தார்கள். அதே கரையின் காமாயிஷி விரிகுடாவில் 63 மீற்றர் ஆழத்திலிருந்து எழுப்பி 2009இல் முடித்த அலைதாங்கி உடைந்தது. ஏறத்தாழ 15,900 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கியே. மூவரில் இருவர் அறுபதைத் தொட்டவர்கள்.

புகுஷிமாவில் மின்பிறப்பாக்கிகள் வெள்ளத்தில் மூழ்க, மூன்று அணு உலைகள் உருகின. ஒன்றரை இலட்சம் பேர் வீடு துறந்தார்கள். அரசின் கணக்கில் சொத்திழப்பு மட்டும் 16.9 இலட்சம் கோடி யென். ஹிட்டாச்சினாக்கா நகரில் ஒரு மின்னணுச் சில்லுத் தொழிற்சாலை நின்றதற்கே உலகெங்கும் வாகன உற்பத்தி தடுமாறியது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவருக்கு ஜப்பான் அயல்வீடு என்பது அப்போதே தெரியும்.

இரண்டு பள்ளிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒக்காவா ஆரம்பப் பள்ளிக்குப் பின்னால் குன்று இருந்தது. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிள்ளைகளை முற்றத்திலேயே நிறுத்திவைத்தார்கள். 108 பேரில் 74 பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. காமாயிஷியிலோ பேராசிரியர் தொஷிதாகா கட்டாடா மாணவர்களைப் பல ஆண்டுகள் பழக்கியிருந்தார்: வரைபடத்தை நம்பாதே, உயரம் போ, பிறருக்காகக் காத்திராதே. அபாய வரைபடத்தில் அந்நகரின் ஒரு பள்ளி அலை எட்டாத இடம். ஆனாலும் அங்கிருந்த பெரிய பிள்ளைகள் ஓடினார்கள். சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒதுக்கிய இடத்தையும் தாண்டி மேலே ஏறினார்கள். நகரின் ஏறத்தாழ மூவாயிரம் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

அன்பர்களே, செல்வம் கட்டடத்தைக் காக்கும். உயிரைக் காப்பது பழக்கம். எச்சரிக்கை எவ்வளவு விரைந்து வந்தாலும் கடைசி நூறு அடியை மனிதக் கால்தான் கடக்க வேண்டும். நமக்கு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுப்பினோம். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராக் கடல் மீண்டும் அதிர்ந்தபோது நம் மக்கள் மேடு தேடி ஓடினார்கள். அந்த ஓட்டத்தை மறக்கவிடக் கூடாது.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம். அது முடிந்ததும், கல்முனையிலோ அம்பாந்தோட்டையிலோ கரையோரம் வாழும் உறவு ஒருவரை அழையுங்கள். "நிலம் ஆடினால் எந்த மேட்டுக்கு ஓடுவீர்கள்? நடக்க முடியாத உம்மும்மாவை யார் தூக்குவது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.