மகாவலிக் கரையில் ஒரு பாடம்

2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கண்டியிலே எங்கள் வீடும் பல வீடுகளைப்போல ஒரே நாளில் பள்ளிக்கூடமாயிற்று. ஆறு வயதுப் பேர்த்திக்கு நானே ஆசிரியன். முப்பது ஆண்டுகள் கரும்பலகையோடு வாழ்ந்தவனுக்கு இது ஒரு காரியமா என்று எண்ணிக்கொண்டேன். சுவரில் நேரசூசி ஏறியது. எட்டு மணிக்குத் தமிழ், ஒன்பதுக்குக் கணிதம், பத்துக்குச் சுற்றாடல். மூன்றாம் நாள் பிள்ளை கொப்பியை மூடிவைத்துவிட்டு, "தாத்தா, நீங்கள் பழையபடி தாத்தாவாகவே இருங்களேன்" என்றாள்.

அன்றே நேரசூசியைக் கழற்றினேன். எழுத்துக்குப் பதினைந்து நிமிடம், எண்ணுக்குப் பதினைந்து நிமிடம், மிகுதி நேரமெல்லாம் வளவில் என்று ஏற்பாடு. தொட்டாற்சுருங்கியைத் தொட்டுவிட்டு, அது மீண்டும் விரியும்வரை எண்ணிக்கொண்டிருந்தோம். நூறோடு நின்றுவிடும் பிள்ளை, அந்தச் செடியின் தயவால் ஐந்நூறு வரை எண்ணப் பழகிக்கொண்டாள்.

இது என் கண்டுபிடிப்பல்ல. சிறுவருக்குப் பாடம் சுருக்கமாகவும், வெளியிலே கழியும் பொழுது நீண்டதாகவும் இருக்க வேண்டுமென்று இங்கிலாந்தின் சார்லட் மேசன் அம்மையார் 1886 இல் 'வீட்டுக் கல்வி' என்ற நூலில் எழுதினார். கேட்டதைப் பிள்ளை தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்வதே அவர் வைத்த சோதனை. தாகூர் 1901 இல் சாந்திநிகேதனில் மரநிழலையே வகுப்பறையாக்கினார். 1934 இல் இங்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டியவரும் அவர்தாம்.

ஊரடங்கு தளர்ந்தபின் எங்கள் வகுப்பறை பெருத்தது. வாவிக்கரையில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்த்தோம். உடவத்தைக் காட்டில் அட்டை கடித்தது. அதுவும் ஒரு பாடம்தான். பேராதனைப் பூங்காவை மூன்று புறமும் வளைத்தோடும் மகாவலியில் அவள் ஒரு காய்ந்த இலையை விட்டாள்.

"இது எங்கே போகும், தாத்தா?"

"திருகோணமலைக் கடலுக்கு."

ஆற்றின் முழு நீளம் 335 கிலோமீற்றர் என்றேன். பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகளையெல்லாம் சொன்னேன். "அப்படியென்றால் இலை போய்ச் சேராதே!" என்றாள். அணைக்கட்டு என்றால் என்னவென்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் வேலியோரத்திலிருந்து ஒரு கூட்டை எடுத்து வந்தாள். இலையின் ஓரங்களை இழுத்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்த கூடு. தையற்சிட்டு கைவிட்டுப் போனது. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், கண்டிக்கு அண்மையில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பையன், எந்நாளும் பிந்தி வருவான். ஒரு காலை இதேபோன்றதொரு கூட்டைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். "குப்பையை வெளியே போடு" என்றேன். அது எந்தத் தேயிலைச் செடியில் இருந்தது, எத்தனை குஞ்சுகள் பறந்தன என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அடுத்த தவணைக்கு அவன் வரவுமில்லை.

நேயர்களே, பாடசாலை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 1945 இல் கன்னங்கரா காலத்தில் கிடைத்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் நானே ஆசிரியனாகியிருக்க மாட்டேன். வீட்டுக் கல்வி ஓய்வுள்ளவர்களுக்குத்தானே, விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கு அது எப்படி இயலும் என்று நீங்கள் கேட்பதும் நியாயமே. ஆனால் லயத்துப் பிள்ளைக்கு மலையும் ஓடையும் குருவியும் வாசலிலேயே உண்டு. அதைச் சொன்னால் கேட்கத்தான் ஆளில்லை. நகரத்துப் பிள்ளைக்கோ, கேட்க ஆளிருந்தும் சொல்வதற்கு எதையும் கண்டிருப்பதில்லை. "இன்று என்ன கண்டாய்?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். எழுதத் தெரியாத பாட்டியும் கேட்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பேர்த்தி புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதி முடித்துவிட்டாள். அவள் எடுத்த புள்ளிகள் எனக்கு நினைவில்லை. அந்தக் கொப்பி மட்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில் அவளுடைய கோணல் எழுத்தில் ஒரு வரி: "இலை போய்ச் சேரவில்லை, ஆனால் தண்ணீர் போகும்."