கால்நடையாய்க் கண்ட தலைநகர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

புலவர்களும் பேராசிரியர்களும் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்புத் தேர்வோடு பள்ளியை விட்டு இரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாகச் சேர்ந்த எம் போன்றோர் ஒலிபெருக்கியின் முன் நிற்பது சற்றே துணிச்சல்தான். எனினும் நம் காரியதரிசி அவர்கள், "நடந்ததைத்தானே சொல்லப் போகிறீர்கள், அதற்கு இலக்கணம் எதற்கு?" என்று கூறித் தைரியம் அளித்தார். ஆதலின், சென்ற பிப்ரவரித் திங்கள் இரண்டாம் சனிக்கிழமையன்று நம் சங்கத்தினர் இருபத்து மூவர் பழைய தில்லியில் நடந்து கண்டவற்றைக் கூற முற்படுகிறோம்.

இந்த யோசனை பிறந்த விதம் வேடிக்கையானது. நம் காலனியைச் சேர்ந்த ஓர் இளைஞர் அலுவல் நிமித்தம் செக் நாட்டின் தலைநகராகிய பிராக் நகருக்குச் சென்று திரும்பினார். அங்கே குடையை உயர்த்திப் பிடித்த ஒரு வழிகாட்டியின் பின்னால் இரண்டு மணி நேரம் நடந்து, 1410 ஆம் ஆண்டில் அமைத்த வானியல் கடிகாரத்தையும், 1357 இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தையும் கண்டு வந்ததாகப் படங்களோடு விவரித்தார். கூடியிருந்தோர் அனைவரும் வியந்தோம். அப்பொழுது எழுபத்து நான்கு வயதான ஒரு பாட்டியம்மாள் மெல்லக் கேட்டார்: "அது சரியப்பா, நாம இருக்கிற ஊரும் தலைநகரம்தானே? இதை யார் நமக்குச் சுற்றிக் காட்டினார்கள்?"

எவரும் வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் நாம் அறிந்தவை யாவை? காலனி, அலுவலகம், குழந்தைகளின் பள்ளி, மலை மந்திர், காய்கறிச் சந்தை, கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புறப்படும் புதுதில்லி நிலையம், இவ்வளவே. ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப் மினாரையும் இந்தியா கேட்டையும் வாடகைக் காரின் சன்னல் வழியே காட்டிக் கடமையை முடித்து விடுகிறோம்.

எங்கள் நிலை இதனினும் வெட்கத்துக்குரியது. பழைய தில்லி நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உத்தியோகம் பார்த்து வருகிறோம். அனுப்புவோர் முகவரியில் 'காரி பாவ்லி' என்னும் பெயரை நாள் தவறாமல் எழுதுகிறோம். எங்கள் மேசையிலிருந்து அவ்விடம் பத்து அல்லது பதினைந்து நிமிட நடை. ஒரு நாளேனும் போய்ப் பார்த்தோமில்லை. நடைக்காக ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது, "எங்கே போகிறீர்?" என்று மேலாளர் கேட்டார். "சாந்தினி சவுக்குக்கு" என்றதும் அவர் எங்களை உற்றுப் பார்த்தார்.

காலை எட்டரை மணிக்கு லால் கிலா மெட்ரோ நிலையத்தின் வாயிலில் கூடினோம். இன்டாக் அமைப்பின் தில்லிக் கிளை முதலானவை இத்தகைய நடைகளைப் பல்லாண்டுகளாக நடத்தி வருகின்றன. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி பழைய நகரிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம் ஆசிரியை. அவர் இந்தியில் கூறியதை நம் இளைஞர் ஒருவர் முதியோர்க்குத் தமிழில் எடுத்துரைத்தார். செங்கோட்டை முதல் பத்தேபூரி மசூதி வரை நேர்ச்சாலை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவே. இரண்டு மணி நேரம் என்று சொல்லிப் புறப்பட்டோம். நான்கு மணி நேரம் ஆயிற்று. பாதிக் குற்றம் பராட்டாவினுடையது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

செங்கோட்டையின் முன் நின்றதும் எங்கள் பெரியவர் ஒருவர், "1947 ஆகஸ்டு 15 அன்று நேரு இங்கேதான் கொடியேற்றினார்" என்றார். வழிகாட்டி பணிவோடு, "ஐயா, இங்கே ஏற்றியது மறுநாள், 16 ஆம் தேதி" என்றார். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்த பேரன் வழிகாட்டியின் பக்கம் சேர்ந்தான். அதன் பிறகு நடை முடியும் வரை பெரியவர் பேரனோடு பேசவில்லை.

ஷாஜகான் 1639 இல் கோட்டைக்கு அடிக்கல் நாட்டி, 1648 இல் குடிபுகுந்தார். நகருக்கு ஷாஜகானாபாத் என்று பெயர். கோட்டை மன்னருடையது, ஆனால் எதிரே நீளும் சாந்தினி சவுக்கை 1650 இல் வகுத்தவர் அவருடைய மகள் ஜகனாரா பேகம். இச்செய்தியைக் கேட்டதும் எங்கள் தாய்மார்களின் நடை சற்று வேகம் பெற்றது. நடுவே கால்வாய் ஓட, ஓரிடத்தில் எண்கோண வடிவச் சதுக்கமும் அதன் நடுவே ஒரு குளமும் அமைந்திருந்தன. குளத்து நீரில் நிலவொளி விழுந்ததால் 'நிலவுச் சதுக்கம்' என்னும் பெயர் வந்தது என்பர். இன்று கால்வாயும் இல்லை, குளமும் இல்லை. 2021 இல் சாலையைச் செப்பனிட்டுத் திறந்தபொழுது, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் நுழையலாகாது என்று விதி செய்தனர். எங்களைப் போல் மெல்ல நடப்போருக்கு அது பெருந்துணை. மிதிவண்டி ரிக்‌ஷாக்களுக்கு வழி விடுவதே பெரும்பாடாயிருந்தது என்பது வேறு விஷயம்.

கோட்டைக்கு எதிரே செந்நிறச் சமணக் கோயில். அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை; கட்டணமில்லை. சிறகொடிந்த புறாக்கள் கூண்டுகளில் வரிசையாக அமர்ந்திருந்தன. ஊன் உண்ணும் பறவைகளுக்கு வெளிநோயாளிச் சிகிச்சை மட்டுமே உண்டு, உள்ளே இடமில்லை என்றார் வழிகாட்டி. பருந்தைப் புறாவின் பக்கத்தில் படுக்க வைக்க முடியாதன்றோ!

அடுத்து சீஸ் கஞ்ச் குருத்துவாரம். 1675 இல் ஔரங்கசீப்பின் ஆணைப்படி சீக்கியரின் ஒன்பதாம் குரு தேக் பகதூர் சிரம் இழந்த இடம் இது. அதையொட்டியே சுனஹரி மசூதி. 1739 மார்ச் மாதத்தில் பாரசீகத்து நாதிர் ஷா அங்கே அமர்ந்துகொண்டு நகர மக்களைக் கொன்று குவிக்க ஆணையிட்டான். இரண்டுக்கும் நடுவே சில தப்படிகளே. கூட வந்த குழந்தைகள் அவ்விடத்தில் பேச்சடங்கி நின்றனர். பராட்டாத் தெருவுக்குள் அவர்களை அழைத்துச் செல்லும் வரை அந்த அமைதி நீடித்தது. அங்கே நெய்யில் பொரித்த பராட்டாக்களை ஆளுக்கு ஒன்று என்று தீர்மானித்து உட்கார்ந்தோம். ஒன்று இரண்டாயிற்று. 'இட்டிலி கிடைக்காதா?' என்று கேட்ட ஓர் அன்பரின் பெயரை இம்மேடையில் வெளியிட விரும்பவில்லை.

டவுன் ஹாலின் முன் நின்றபொழுதுதான் எங்கள் மனத்தைத் தைத்த செய்தி வெளிவந்தது. அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு ஜகனாரா பேகம் கட்டிய சத்திரம் இருந்ததாம். வெளிநாட்டு வணிகரும் பயணிகளும் தங்கிய பெருஞ்சத்திரம். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பின் ஆங்கிலேயர் அதை இடித்தனர். கோட்டையைச் சூழ்ந்திருந்த வீடுகளையும் தரைமட்டமாக்கினர். டவுன் ஹாலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டையும் எழுப்பினர். அதுவும் பின்னர் இடிந்து விழுந்தது. ஆயினும் அவ்விடத்தை 'கண்டாகர்' என்றே இன்றும் அழைக்கின்றனர். பிராக் நகரில் 1410 ஆம் ஆண்டுக் கடிகாரம் நிற்கிறது. இங்கே கடிகாரத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

"சத்திரத்துக்கு வடக்கே பேகத்தின் பெருந்தோட்டம் இருந்தது. அதன் பெரும்பகுதி எங்கே போயிற்று தெரியுமா?" என்று வினவிய வழிகாட்டி, எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் இரயில்வேக்குத்தான்" என்றார்.

உண்மையே. 1867 இல் யமுனையின் இரும்புப் பாலத்தைக் கடந்து வந்த கிழக்கிந்திய இரயில்வேயின் பாதை, ஷேர்ஷாவின் மகன் 1546 இல் கட்டிய சலீம்கர் கோட்டையை ஊடுருவி, மதில் சூழ்ந்த நகரின் வடபகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு சென்றது. இன்றுள்ள நிலையக் கட்டடம் 1903 இல் திறக்கப்பட்டது. இந்த ஆண்டுகள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. இரயில்வே வரலாறு என்றால் பாலத்தின் நீளத்தையும் நிலையத்தின் கோபுரங்களையும் பெருமையோடு சொல்வோம். அதன் அடியில் மரமும் நீரோடையும் இருந்தன என்பதை அன்றுதான் கேட்டோம். சிறிது நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பாட்டியம்மாள் மட்டும், "போனால் போகட்டும், அந்த இரயில் இல்லாவிட்டால் நாம் ஏது இங்கே?" என்றார்.

பல்லிமாரான் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடைகளைக் கடந்து, காசிம் ஜான் சந்துக்குள் திரும்பினால் உருதுக் கவிஞர் காலிப் வாழ்ந்த வீடு. 1869 இல் அவர் அங்கேயே காலமானார். வெகு காலம் அவ்வீடு வணிகர் கையில் கிடந்தது. பின்னர் ஒரு பகுதியை அரசு மீட்டு நினைவகமாக்கியது. சிறிய முற்றம், செங்கல் வளைவுகள், சில எழுத்துப் பலகைகள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிக்கலாம். நாங்கள் அரைமணி இருந்தோம்.

காரணம் இதுதான். தில்லியின் கவிஞர் என்று உலகம் போற்றும் காலிப் தில்லியில் பிறந்தவர் அல்லர். 1797 இல் ஆக்ராவில் பிறந்து, இளமையில் இங்கே வந்து குடியேறியவர். சொந்த வீடு வாங்காமல் வாடகை வீடுகளிலேயே காலம் கழித்தவர். ஓய்வூதியத்துக்காக ஆங்கில அரசோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடி, கல்கத்தா வரை சென்று வந்தவர். வழிகாட்டி இவற்றைச் சொல்லச் சொல்ல, எங்களுள் ஓய்வு பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வாடகை வீடும், பென்ஷன் மனுவும், பிறந்த ஊர் ஓரிடமும் பிழைக்கும் ஊர் ஓரிடமுமாக ஒரு மனிதர்! எங்களுக்கு உருது தெரியாது. ஆனால் அந்த மனிதரைத் தெரியும் போலிருந்தது.

அங்கேதான் வழிகாட்டி விளையாட்டாக, "உங்கள் ஊர் எது?" என்று எல்லோரையும் கேட்டார். பெரியவர்கள் தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி என்று அடுக்கினோம். எங்கள் பதினொரு வயது மகள் சட்டென்று "தில்லி" என்றாள். "கும்பகோணம் என்று சொல்லம்மா" என்று அவள் தாயார் திருத்தினார். "அங்கே பதினைந்து நாள்தானே இருக்கிறோம்?" என்றாள் குழந்தை. முற்றத்தில் இருந்த எவருக்கும் இதற்கு விடை கிடைக்கவில்லை.

பத்தேபூரி மசூதியை ஷாஜகானின் மனைவியருள் ஒருவர் 1650 இல் கட்டினார். 1857 க்குப் பின் அரசு அதை ஏலத்தில் விட, லாலா சுன்னாமல் என்னும் வணிகர் ரூ. 19,000 கொடுத்து வாங்கி இடிக்காமல் காத்து வைத்தார் என்றும், 1877 இல் அது முஸ்லிம்களிடம் திரும்பியது என்றும் கேட்டோம்.

மசூதியைச் சுற்றிக்கொண்டு போனால் காரி பாவ்லி. உவர்நீர்ப் படிக்கிணறு என்பது பெயரின் பொருள். கிணறு மறைந்தது; இன்று அது மசாலாச் சாமான்களின் மொத்தச் சந்தை. கடோதியா மார்க்கெட்டின் படிகளில் ஏறும்பொழுதே மிளகாய் நெடி தாக்கி, இருபத்து மூவரும் ஒருசேர இருமினோம். மூட்டை தூக்கும் கூலியாட்கள் எங்களைக் கண்டு சிரித்துக்கொண்டே கடந்தனர், அவர்கள் இருமவில்லை.

கீழே ஒரு கடை வாயிலில் அடுக்கியிருந்த மஞ்சள் மூட்டைகளின் அருகே எங்கள் மகள் நின்றுவிட்டாள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் இரண்டாம் ஆண்டு. சாக்கின் மேல் மங்கிய மையில் தமிழ் எழுத்துக்கள்! "அப்பா, இதில் 'ரோடு' என்று எழுதியிருக்கிறது" என்றாள். பார்த்தோம். முதலெழுத்தைப் படம் என்று நினைத்து விட்டுவிட்டாள். அது 'ஈ'. ஈரோடு. அவள் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் ஒரு முறை எழுத வைத்தோம். விரல் மஞ்சளாயிற்று. பாட்டியம்மாள் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, ஒரு கிழங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார். விலை வாங்க மறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வழக்கம் போல் மேசையில் அமர்ந்தோம். பல ஆண்டுகளாகச் சரக்குக் கொண்டு வரும் ஒரு கடைச் சிப்பந்தி காகிதத்தை நீட்டினார். 'காரி பாவ்லி' என்று எழுதிக்கொண்டே, "கடோதியா மார்க்கெட்டில் மேல்தளமா, கீழ்த்தளமா?" என்று கேட்டோம். அவர் வியப்போடு எங்களை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் எங்கள் முகத்தைப் பார்த்தது அதுவே முதல் முறையாக இருக்கலாம். "பாபுஜி, உங்களுக்கு எந்த ஊர்?" என்றார். "தில்லிதான்" என்றோம். காகிதத்தில் முத்திரை குத்திய பின், கும்பகோணத்தையும் சேர்த்துச் சொன்னோம்.

அடுத்த நடை மெஹ்ரௌலிக்கு. வர விரும்புவோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து பேருக்கு மேல் இடமில்லை. குடிநீர் கொண்டு வரவும்; புதுச் செருப்பு அணிய வேண்டாம்.