சீம்பாலும் புட்டிப்பாலும்



ஆவின் சீம்பாலைக் காய்ச்சிச் சருக்கரையிட்டு விரும்பி உண்கிறோம். ஈன்றவள் மார்பில் முதற்கண் சுரக்கும் சீம்பாலையோ 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டுகிறோம். கன்றுக்குரியதைப் பறித்த நாம் பிள்ளைக்குரியதையும் பறித்தோம்! அம் மஞ்சட்பால் சிறிதளவே சுரப்பினும் நோய்த்தடுப்பாற்றல் செறிந்தது. பிறந்த ஒரு மணிப்பொழுதிற்குள் அதனை ஊட்டல் வேண்டும். சேனை வைத்தல் என்று சருக்கரை நீரும் தேனும், சிலவிடத்துக் கழுதைப்பாலும் புகட்டும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. ஓராண்டு நிரம்பா மகவுக்குத் தேன் நஞ்சாகவும் கூடும் என்பதை அறிவீர்களா?

"சித்திரை வெயிலில் பிள்ளைக்கு நா வறளாதா?" என்பர் பாட்டிமார். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீரே! ஆறு திங்கள்வரை, மருத்துவர் தரும் மருந்தன்றி, வேறு நீரோ உரைமருந்தோ வேண்டுவதில்லை. பிள்ளை பால் குடிக்குந்தோறும் தாயின் கருப்பை சுருங்கிக் குருதிப்போக்குக் குறைகின்றது. மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் குறைகின்றது.

தமிழகத்தில் மகப்பேறு ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றது. எனினும் 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு திங்களுக்குட்பட்ட மகவுகளுள் தாய்ப்பால் மட்டுமே பெற்றவை இந்திய அளவில் 63.7 விழுக்காடு, தமிழகத்தில் 55.1. எல்லாவற்றிலும் முன்னிற்கும் நாம் இதிற் பின்னிற்கின்றோம்! பால்மாவையும் புட்டியையும் விளம்பரப்படுத்தலாகாது என 1992-இலேயே சட்டம் வந்தது. ஆனால், 'மாவுப்பால் குடித்த பிள்ளையே கொழுகொழுவென்றிருக்கும்' என்னும் எண்ணம் சட்டத்திற்கு முன்பே நம் அடுக்களைக்குள் புகுந்துவிட்டது.

தாயை மட்டும் குறை சொல்லல் அறமன்று. அரசுப்பள்ளி ஆசிரியைக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேற்று விடுப்பு உண்டு. இவ்வூரில் நாட்கூலிக்குக் கயிறு திரிக்கும் பெண்ணுக்கு? அவள் கொட்டிலுக்குச் சென்றால் வீட்டில் புட்டி வருகின்றது; புட்டி கழுவும் நீர் வழியே கழிச்சல் வருகின்றது. அத்தகையோர் தூய ஏனத்தில் பாலைப் பீய்ச்சி மூடிவைத்துச் செல்லலாம். நான்கு மணிப்பொழுதிற்கு மேல் வைத்தலாகாது, கடுங்கோடையில் அதனினும் குறைவே. ஊட்டுவதற்கு நம் பழைய சங்கோ பாலாடையோ போதும். அவற்றைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்வது எளிது.

கொட்டில் உரிமையாளர் சிலர் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015-இல் அரசு திறந்தது. உங்கள் கொட்டிலில் ஒரு மூலையைத் தட்டி கட்டி மறைத்து, பிள்ளையைக் கொண்டுவந்தால் கால்மணிப்பொழுது கூலி பிடிக்காமல் விடுவீர்களா? விடையை இங்கேயே, இத் தாய்மார் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.