ஈட்டுக் கடனிலிருந்து முன்கூட்டியே மீள நாடுவோர்க்கு



அன்பார்ந்த பெற்றோர்களே! இளைஞர்களே! 2022ஆம் ஆண்டு நாம் எளிதில் மறக்கக்கூடியதன்று. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. இன்னும் ஏறிவிடுமோ என்றஞ்சி, வீட்டு உறுதியை ஈடு வைத்து, நீண்ட காலத்துக்கு நிலையான வட்டிக்குக் கையொப்பமிட்டோர் நம்மிடையே உளர். 2023 ஜூனில் வீதங்கள் இறங்கத் தொடங்கின. கையொப்பமோ இறங்கவில்லை.

இன்று மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். கடனை முடித்துவிடலாம் எனத் தந்தை வங்கிக்குச் செல்கிறார். முன்கூட்டியே தீர்ப்பதற்குத் தண்டக் கட்டணம் உண்டென்று அங்கே கூறுகின்றனர். அவர் மனமொடிந்து திரும்பி வருகிறார்.

கடனைத் தீர்ப்பதற்கும் தண்டமா என்று நீங்கள் கேட்கலாம். நிலையான வீதத்தில் கடன் கொடுத்த வங்கி, அத்தனை ஆண்டுகளின் வட்டியையும் தன் வருமானமாகக் கணக்கிட்டு வைத்திருக்கும். நீங்கள் இடையில் விலகினால், அதே பணத்தை இன்றைய குறைந்த வீதத்துக்கே பிறருக்குக் கொடுக்க நேரும். அந்த இழப்பையே அது உங்களிடம் அறவிடுகின்றது.

ஆனால் அச்சத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பாருங்கள். மீதி முதல் 40 இலட்சம் ரூபாய், வட்டி 22 சதவீதம், தண்டம் மீதியில் 4 சதவீதம் என வைத்துக்கொள்வோம். தண்டம் 1,60,000 ரூபாய். அதே கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டும் 73,000 ரூபாய்க்கு மேல்! இரண்டு மாத வட்டியைவிடச் சற்றே கூடிய தொகைக்கு அஞ்சி, ஆண்டுக்கணக்கில் வட்டி செலுத்துவோரை என்னவென்பது?

எல்லோருடைய கணக்கும் இவ்வாறே அமையும் என்பதற்கில்லை. ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். தண்டம் மீதி முதலுக்கா, முன்கூட்டிச் செலுத்தும் தொகைக்கா? ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையுமா? பகுதியாகச் செலுத்த இடமுண்டா? குறித்த ஒரு திகதிக்கான தீர்வுத் தொகையை எழுத்தில் கேளுங்கள். தண்டத்தைக் குறைக்குமாறும் எழுதிக் கேளுங்கள், கேட்பதில் இழிவில்லை. கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. நாமோ எழுதியதை வாசிப்பதுகூட இல்லை.

ஒரு வங்கியை விட்டு மற்றொரு வங்கியின் குறைந்த வட்டிக்கு மாறுவது செலவைக் குறைக்கலாம். அங்கும் நொத்தாரிசுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் என்பன உண்டு. ஆயினும் அது வட்டியிலிருந்து வெளியேறியதாகாது. தௌபாவின் எண்ணத்தோடு வெளியேறுவோர் இதனைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

முராபஹா முறையில் வாங்கியோரின் நிலை வேறு. அங்கு விலை முன்பே தீர்மானிக்கப்பட்டது. தவணைக்கு முன் செலுத்துவோருக்குக் கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாமா? முன்கூட்டிய உடன்பாடு ஏதுமின்றி, இரு தரப்பாருக்கிடையே மட்டும் நிகழுமாயின் ஆகுமானதென ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992இல் தீர்மானித்தது. ஆகவே அந்தத் தள்ளுபடியை உரிமையாகக் கோர முடியாது, வேண்டுகோளாக முன்வைக்கலாம்.

இளைஞர்களே, ஒரு வேலை உங்களுக்குரியது. பணம் செலுத்தியவுடன் தந்தை நிம்மதியாக இருந்துவிடுவார். ஈடு மீட்கப்பட்டமைக்கான பத்திரம் எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்படும் வரை அந்த வீட்டின் மீது ஈடு இருப்பதாகவே ஏடு காட்டும். அவரோடு கூடச் சென்று, பதிவையும் முடித்து, மூல உறுதியைக் கையில் வாங்கி வாருங்கள்.

வஸ்ஸலாம்.